கட்டடத்துக்கு உடம்பு சரியில்லை

நூல்காரி படிக்கப் புறப்பட்டது ஒரு திங்கட்கிழமை. அன்று காலைதான் கடை ஏசி நின்றுபோனது.

ஏசி பழுது பார்க்கும் கடையிலேயே ஏசி நிற்பதென்றால், முடி திருத்துகிறவர் தலையில் சிக்கு விழுந்த மாதிரி. வாடிக்கையாளர் கண்ணில் படுவதற்குள் சரிசெய்தாக வேண்டும். அக்கா கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பழைய அட்டை ஒன்றால் விசிறிக்கொண்டிருந்தாள். மாமா, அதாவது அக்காவின் கணவர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கூரையில் பதித்திருந்த அந்தச் சதுரப் பெட்டியை ஏதோ வானத்து அதிசயம் போல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நூல்காரியின் பயணப் பெட்டி நின்றது.

"இப்பப் பாத்து நின்னுடுச்சே," என்றார் மாமா, யாரிடமும் சொல்லாதது போல்.

அவள் ஏசியைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். மறுபடியும் ஏசியைப் பார்த்தாள். ஏணி சுவரோரம் சாத்தியிருந்தது. ரயிலுக்கு நேரமும் இருந்தது. ஆனால் அவள் ஏணிப் பக்கம் போகவில்லை. மாமாவின் அருகில் போய் மெல்ல ஏதோ சொன்னாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அக்கா விசிறுவதையே நிறுத்திவிட்டாள். நூல்காரி பெட்டியை இழுத்துக்கொண்டு படியிறங்கித் தெருவில் நடந்தாள்.

அவளைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் நம்பவே மாட்டார்கள். கல்யாண மண்டபத்தில் ஏசி கடகடத்தால், நல்ல உடுப்போடு நாற்காலிமேல் ஏறி நிற்கிறவள் அவள். பல் பிடுங்கப் போன இடத்தில், வாய் மரத்துக் கிடந்த நிலையிலும், அறையில் காற்று சரியாக வரவில்லை என்று டாக்டருக்குக் கையால் ஜாடை காட்டியவள். பழுது என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அவள் கை சும்மா இருக்காது. அந்தக் கை அன்று சும்மா இருந்தது என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு.

நூல்காரி என்ற பெயர் அவளுடைய ஸ்க்ரூடிரைவரிலிருந்து வந்தது. அதன் பிடியில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருப்பாள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் அதைக் காற்று வரும் வாய்க்கு நேரே பிடிப்பாள். நூல் ஆடினால் ஒரு கதை, ஆடாவிட்டால் ஒரு கதை, உள்பக்கமாக இழுபட்டால் வேறொரு கதை. "நூலு" என்று கூப்பிட ஆரம்பித்தவர் மாமா. தெருவுக்குள் அது நூல்காரியாக வளர்ந்துவிட்டது. இன்றைக்கு எங்கே நூல் விட்டுவிட்டு வருகிறாய் என்று பக்கத்துக் கடைத் தையல்காரர் தினமும் கேட்பார். தினமும் அவரே சிரித்தும் கொள்வார்.

கடையில் வேலைப் பிரிவினை சுலபமானது. தலைக்கு மேலே இருப்பதெல்லாம் அவளுடையது, மேசைமேல் வருவதெல்லாம் மாமாவுடையது. மோட்டார் பிரிப்பதிலும் போர்டு பார்ப்பதிலும் மாமாவின் கை தங்கக் கை. ஆனால் ஏணி என்றால் அவருக்கு நாக்கு உலர்ந்துவிடும். கல்யாணமான புதிதில் ஒரு தடவை ஏணியிலிருந்து விழுந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை, தைரியம்தான் முறிந்தது. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த மச்சினி, "தள்ளுங்க மாமா," என்று சொல்லி ஏறினாள். ஏறினவள் இன்னும் இறங்கவில்லை என்று அக்கா சொல்வாள்.

ஆக, நூல்காரி இல்லாத கடை பாதிக் கடை. இது மூன்று பேருக்கும் தெரியும். அதனால்தான் படிப்பு என்ற பேச்சு வந்த அன்று மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தார்கள்.

அந்தப் பேச்சுக்கு விதை போட்டது ஒரு கால் சென்டர். நாள் முழுக்கத் தொலைபேசியில் பேசுகிறவர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெரிய ஹால். மதியத்துக்கு மேல் எல்லாருக்கும் தலைவலி, ஓயாத கொட்டாவி. ஏசிதான் சரியில்லை என்று அவளைக் கூப்பிட்டார்கள். ஃபில்டர் கழுவினாள், காயிலைச் சுத்தம் செய்தாள், கேஸ் பார்த்தாள். நூல் ஜோராக ஆடியது. குளிரும் இருந்தது. கொட்டாவி மட்டும் நிற்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள், மறுபடியும் போனாள். அதற்கடுத்த தடவை போனபோது அங்கே ஒரு பெண் பொறியாளர் உட்கார்ந்திருந்தாள். அவள் எதையும் பிரிக்கவில்லை. கையடக்கமான ஒரு மீட்டரை மேசைமேல் வைத்துவிட்டு, வலி எப்போது தொடங்குகிறது, ஜன்னலை யார் சாத்தச் சொன்னது, பின்னால் இருக்கும் சாமான் அறை எப்போது கட்டியது என்று ஒவ்வொருவரிடமும் ஊர்க்கதை பேசினாள். கடைசியில் எழுந்து போய் சாமான் அறைச் சுவரைத் தட்டினாள். வெளிக்காற்று உள்ளே வரும் வழி அந்தச் சுவருக்குப் பின்னால் புதைந்துபோயிருந்தது. எந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. அத்தனை பேரும் விட்ட மூச்சைத்தான் அது நாள் முழுக்கக் குளிரவைத்து அவர்களுக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அன்று நூல்காரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொறாமை என்று அக்கா நினைத்தாள். பாதி அதுதான். மீதி வேறு. இத்தனை நாளும் எந்திரத்தைப் பார்த்தோமே தவிர கட்டடத்தைப் பார்க்கவில்லையே என்ற எண்ணம், செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி, நடக்க நடக்க உறுத்தியது. இதையெல்லாம் எங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அந்தப் பொறியாளரையே தேடிப் போய்க் கேட்டாள். சுற்றுச்சூழல் கட்டுப்பாட்டுத் தொழில்நுட்பம் என்று ஒரு பட்டப்படிப்பு இருப்பது அப்படித்தான் தெரிந்தது.

விஷயம் தையல்காரர் காதுக்குப் போனது. "மரம் நடற படிப்பா? நல்லதுதான். நம்ம தெருவுல நிழலே இல்ல," என்றார். வெளியே இருக்கும் சூழல் இல்லை, கட்டடத்துக்கு உள்ளே இருக்கும் சூழல், சூடு, ஈரம், காற்று, மனுஷர் மூச்சு எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற படிப்பு என்று அவள் பொறுமையாக விளக்கினாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப மரம் கிடையாது," என்று ஊசியில் நூல் கோக்கத் திரும்பிவிட்டார்.

அந்தப் படிப்பு இருந்த கல்லூரிகளில் ஒன்று மிக தூரம், ஒன்றில் வயது தாண்டிவிட்டது, ஒன்றில் பட்டம் கிடையாது, வெறும் சான்றிதழ். கழித்துக் கழித்து இரண்டு மிஞ்சின. இரண்டிலும் இடம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். எது என்று அந்த மாதத்துக்குள் அவள் சொல்லவேண்டும்.

பக்கத்தில் இருந்ததை வீட்டில் கண்ணாடிக் கல்லூரி என்றார்கள். கடையிலிருந்து நடக்கிற தூரம். மாலை வகுப்பு. பகலில் ஏணி, மாலையில் பாடம். அதைப் பார்க்க மாமாவும் கூட வந்தார், இஸ்திரி போட்ட சட்டையோடு. வரவேற்பறையில் எலும்பு வரைக்கும் குளிர். சுற்றிக் காட்ட வந்த இளைஞன் தங்கமானவன். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான், தெரியாததைத் தெரியாது என்றான். ஆய்வகம் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பளபளத்தது. பேனல்களில் ஒட்டிவந்த பிளாஸ்டிக் உறை இன்னும் உரிக்கப்படாமல் இருந்தது. எந்த வால்வைத் திறந்தாலும் என்ன ஆகும் என்று பெரிய திரையில் படமாக ஓடும். நூல்காரி நாலைந்து இடத்தில் யாருக்கும் தெரியாமல் நூலைப் பிடித்துப் பார்த்தாள். எல்லா இடத்திலும் ஆடவேண்டிய மாதிரியே ஆடியது.

"பாத்தியா நூலு, எல்லாம் அததுக்கு அது எடத்துல இருக்கு," என்றார் மாமா. அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள். திரும்பும் வழியில் மாமா விசில் அடித்தார். அவர் விசிலடித்து அவள் கேட்டதே இல்லை.

மற்றது செங்கல் கல்லூரி. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ரயில். அங்கே சேர்ந்தால் அங்கேயே தங்கவேண்டும். சரி, பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால் மனசு ஆறும் என்று அக்காதான் அனுப்பிவைத்தாள். ரயிலில் உறங்கி, மறுநாள் காலை நூல்காரி அந்த வாசலில் இறங்கினாள். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. அதில் சாக்கட்டியால் எழுதியிருந்தது: "இன்று கட்டடத்துக்கு உடம்பு சரியில்லை. வருகிறவர்கள் யாரும் வைத்தியம் பார்க்க வேண்டாம்."

சோம்பேறித்தனத்துக்கு என்ன அழகாக சாக்கு எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழ்த்தளத்தில் ஒரு வகுப்பறை அடுப்பங்கரை போலப் புழுங்கியது. அதற்கு அடுத்த அறையில் காற்று விசிலடித்துக்கொண்டு வந்தது. மாடி நடைவழி ஐஸ் பெட்டி. குளிரையும் சூட்டையும் கட்டுப்படுத்தச் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி, தன் கட்டடத்தையே கட்டுப்படுத்தத் தெரியாமல் கிடந்தது. ஊருக்கு உபதேசம் என்று முணுமுணுத்தபடி படிக்கட்டில் உட்கார்ந்து மாமாவைக் கூப்பிட்டாள். நீங்கள் சொன்னதுதான் சரி, பக்கத்துக் கல்லூரியிலேயே சேர்கிறேன் என்றாள். மாமா, சாப்பிட்டாயா என்று கேட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது. சந்தோஷம் வந்தால் அவர் எல்லாரையும் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்.

திரும்பும் ரயில் மாலையில். அதுவரை என்ன செய்வது? புழுங்கிய அந்த வகுப்பறையில் ஆள் இல்லை. போய் உட்கார்ந்தாள். உட்கார முடிந்தால்தானே. மேலே காற்று வாயில் நூலைப் பிடித்தாள், செத்த பாம்பாகத் தொங்கியது. மேசைமேல் நாற்காலியைப் போட்டு ஏறி, கூரைப் பலகையைத் தள்ளினாள். காற்றுக் குழாய்க்குள் கதவு மாதிரி ஒரு தகடு உண்டு, டேம்பர் என்பார்கள். அது இறுக்கி மூடியிருந்தது. கைப்பிடியில் ஒரு துண்டு மஞ்சள் டேப். எவனோ பொறுப்பில்லாதவன் மூடிவிட்டுப் போயிருக்கிறான் என்று திறந்துவிட்டாள். காற்று முகத்தில் அடித்தது. அந்தச் சுகம் சும்மா விடுமா? மாடிக்குப் போனாள். நடைவழியில் குளிரை அளக்கும் சென்சாருக்கு யாரோ ஒரு கம்பளி சாக்ஸை மாட்டியிருந்தார்கள், மஞ்சள் டேப்பால் கட்டி. போர்த்திக்கொண்டு கிடந்தால் குளிர் அதற்கு எப்படித் தெரியும்? கழற்றினாள். பக்கத்து அலுவலக அறையில் காற்று வாயை ஒரு அட்டை அடைத்திருந்தது. அங்கே இருந்த குமாஸ்தா அம்மாள் தேநீருக்குப் போயிருந்தார். அட்டையையும் பிடுங்கினாள்.

அவள் வெளியே வந்தபோது நடைவழியில் நாலு மாணவர்கள் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களோடு குட்டையான ஒரு பெண்மணி, மணிக்கட்டில் வளையல் மாதிரி ஒரு மஞ்சள் டேப் சுருளோடு. பிள்ளைகள் அவரை வைரஸ் மேடம் என்று கூப்பிடுவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் சென்சாரைப் பார்த்தார். சென்சாருக்குக் கீழே தரையைப் பார்த்தார்.

"இங்க ஒரு சாக்ஸ் இருந்துச்சே, யாரு எடுத்தது?"

சாக்ஸ் நூல்காரியின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நாலு பேருக்கும் அன்று கடைசி வருடப் பரீட்சை. அந்தக் கல்லூரியில் அதுதான் வழக்கம். முந்தின நாள் சாயங்காலம் வைரஸ் மேடம் கட்டடம் முழுக்கச் சுற்றி, தன் கையாலேயே அங்கங்கே பழுது வைப்பார். வைத்த இடத்தில் மஞ்சள் டேப் ஒட்டுவார். மறுநாள் மாணவர்கள் எதையும் திறக்காமல், எதன்மேலும் ஏறாமல், கட்டடத்துக்கு எங்கே என்ன நோய் என்று சொல்லவேண்டும். அதற்குத்தான் வாசலில் பலகை. இத்தனை வருடமாக வந்துபோன விருந்தாளிகள் எல்லாரும் அந்தப் பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஏறிப் பழுதைச் சரிசெய்தவர் யாரும் இல்லை. அதற்குப் பழுது பார்க்கத் தெரிந்த ஒருத்தி வந்தால்தான் உண்டு.

"பலகையைப் பாக்கலையா?" என்றார் மேடம்.

"பாத்தேன்."

"பாத்துட்டுமா?"

"சோம்பேறித்தனத்துக்கு எழுதின சாக்குன்னு நெனச்சேன், மேடம்."

நாலு பேரில் ஒருவன் சிரித்துவிட்டான். பரீட்சை தன்னுடையது என்று ஞாபகம் வந்ததும் சிரிப்பை விழுங்கினான். அதற்குள் குமாஸ்தா அம்மாள் தேநீர்க் கோப்பையோடு வந்து, தன் அட்டையை எவள் எடுத்தாள் என்று கேட்டார். கேட்ட விதத்தில் கோப்பை தளும்பியது.

மேடம் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இதுல டேப் இருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப இது நான் வச்சது இல்ல. இவங்களே வச்சுக்கிட்டது. எதுக்குன்னு கேட்டீங்களா?"

"இல்ல, மேடம்."

"கேக்காம, இது பழுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நூல்காரி கையிலிருந்த சாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எத்தனை வீடு, எத்தனை கடை, எத்தனை அலுவலகத்தில் ஏறி இறங்கியிருப்பாள். பழுது என்றால் பழுது, பார்த்தால் தெரியாதா என்ன? குமாஸ்தா அம்மாள் கோப்பையை வைத்துவிட்டுத் தோளைப் பிடித்துக் காட்டினார். குளிர் நேராக அடித்தால் அவருக்கு அந்தக் கை தூக்க வராது. அட்டை அவருக்கு மருந்து. மருந்தைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் நூல்காரி மனசுக்குள் தன்னைத்தானே தட்டிக்கொடுத்திருந்தாள். அவள் மன்னிப்புக் கேட்டாள். அந்த அம்மாள், "உயரமா இருக்கீங்கல்ல, நீங்களே மாட்டிக் குடுத்துடுங்க," என்றார்.

எடுத்தவளே எல்லாவற்றையும் இருந்த மாதிரியே வைக்கவேண்டும் என்றார் மேடம். பிள்ளைகளை வெளியே அனுப்பினார். நூல்காரி தான் சரிசெய்ததையெல்லாம் பழையபடி கெடுத்துக்கொண்டு போனாள். கெடுப்பது இத்தனை கஷ்டம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. சாக்ஸ் கணுக்கால் வரைக்கும் ஏறியிருந்ததா, பாதியா? டேம்பரை எவ்வளவு இறுக்கியிருந்தார்கள்? ஒன்றையும் சரியாகப் பார்த்திருக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் அவள் கை ஓடியிருந்தது. கட்டடம் மறுபடியும் புழுங்கி, நடுங்கி, விசிலடித்துக் காயலாவில் படுக்கும் வரை எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் ஒரு மூலையில் குற்றவாளி போல் நின்றாள்.

பரீட்சை மறுபடி தொடங்கியது. போகலாம் என்று யாரும் சொல்லவில்லை, அவளுக்கும் போகத் தோன்றவில்லை. தன்னால் இந்த நாலு பேரும் தேறாமல் போனால் என்ன செய்வது என்ற கவலை வேறு.

அவர்களில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி, புழுங்குகிற அறைக்குப் போகவே இல்லை. அதற்கு அடுத்த அறையில், விசில் அடிக்கும் இடத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தரை துடைத்துக்கொண்டிருந்தவரிடம், இது எப்போதும் இப்படிக் கத்துமா, இன்றைக்குத்தானா என்று விசாரித்தாள். இன்றைக்குத்தான் என்றார் அவர். அவள் எழுந்து போய் நடுச்சுவரில் கையை வைத்தாள்.

"பக்கத்து ரூம் பங்கும் இதுக்கே வருது மேடம். அங்க மூடிக் கெடக்கு."

அந்த விசிலை நூல்காரியும்தான் கேட்டிருந்தாள். கேட்டு, சத்தம் என்று நினைத்துவிட்டு நடந்தாள். அது ஒரு அறை இன்னொரு அறையைப் பற்றிச் சொன்ன கோள் என்று அவளுக்குப் புரியவில்லை. கால் சென்டர் ஹாலும், சாமான் அறைச் சுவரும், ஊர்க்கதை பேசிய பொறியாளரும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தார்கள். செருப்புக்குள் இருந்த கல் எது என்று அன்று பார்த்துவிட்டாள்.

நாலு பேரும் தேறினார்கள். ஒருவன் கடைசிப் பழுதைக் கண்டுபிடிக்க மாலையாகிவிட்டது. அதற்குள் நூல்காரியின் ரயில் போயேவிட்டது. மேடம் டேப் துண்டுகளை உரித்துக்கொண்டிருந்தபோது அவள் கிட்டே போய், தனக்குத் தருவதாகச் சொன்ன இடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.

"அதை அலுவலகத்துல கேளுங்க. அட்டை அம்மாகிட்டதான் கேக்கணும்," என்றார் மேடம். அவர் சிரித்தாரா இல்லையா என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

குமாஸ்தா அம்மாள் அவளை நிற்கவைத்து, பெயரைக் கேட்டு, கணினியில் வெகு நேரம் தேடினார். பிறகு, இடம் இருக்கிறது, ஆனால் சேர்ந்த பிறகு தன் அறைக்குள் ஏணியோடு வரக்கூடாது என்றார்.

வீட்டில் அதைச் சொல்வதுதான் பாடு. அவள் போன் பேசிய கையோடு மாமா தெரு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார், தையல்காரருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தே சொல்லியிருந்தார். அவள் வந்து, இல்லை மாமா, தூரத்தில் இருப்பதில்தான் சேரப்போகிறேன் என்றதும், கையிலிருந்த மோட்டாரை மேசைமேல் மெதுவாக வைத்தார். ஓங்கி வைத்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஒடஞ்சு கெடக்குன்னு நீதானே சொன்னே?"

"ஆமா."

"இங்க ஒண்ணுகூட ஒடையல."

"அதான் மாமா. வைத்தியம் கத்துக்கணும்னா நோயாளி இருக்கற எடத்துக்குத்தானே போகணும்?"

மாமா மோட்டாரை மறுபடியும் பிரிக்க உட்கார்ந்தார். மேல் வேலைக்கு ஆள் தேடினார்கள். வந்த ஒருவனுக்கு ஏறத் தெரிந்தது, பிரிக்கத் தெரியவில்லை. இன்னொருவன் பிரித்ததை மாட்டத் தெரியாமல் கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டு ஏணியிலேயே உட்கார்ந்திருந்தான். கடையைப் பாதியாக்கிவிட்டுப் போகிறோமே என்று நூல்காரிக்கு ராத்தூக்கம் கெட்டது. பக்கத்துக் கல்லூரிக்கே சம்மதம் சொல்லிவிடலாமா என்று போனைக் கையில் எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனாள். அக்கா கணக்குப் பார்த்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"உங்க மாமா விழுந்தது ஒரு தடவை. அதுக்கு நீ இத்தனை வருஷம் ஏறியாச்சு. போதும். போனைக் கீழ வை."

போனை வைத்தாள். செங்கல் கல்லூரிக்குச் சம்மதம் போனது.

அப்படித்தான் அந்தத் திங்கட்கிழமை வந்தது. ஏசி நின்ற அந்தத் திங்கட்கிழமை.

பழக்க தோஷத்தில் அவள் கால் ஏணிப் பக்கம் ஒரு அடி எடுத்து வைக்கத்தான் பார்த்தது. அப்போது மேடத்தின் குரல் காதில் விழுந்த மாதிரி இருந்தது. கேட்டீர்களா? அவள் நின்று, முதல் தடவையாக, ஏறுவதற்கு முன்னால் பார்த்தாள். நேற்று இரவு வரை நன்றாக ஓடிய ஏசி. கூரைப் பலகை ஒன்று நூலளவு விலகியிருந்தது. ஏணியின் கால்கள் வழக்கமான இடத்தில் இல்லை. மாமாவின் இஸ்திரி போட்ட சட்டையில், வலது தோளில், கூரைக்கு மேலே மட்டுமே கிடைக்கிற கறுப்புத் தூசி அப்பியிருந்தது.

ஒரு ஒயரைக் கழற்றிவிட்டிருப்பார். அவளை ஒரு நாளாவது, ஒரு ரயிலாவது தாமதப்படுத்த. கோபம் வரவேண்டும். வரவில்லை. ஏனென்றால் ஒயர் இருப்பது மேலே. அதைக் கழற்ற வேண்டுமென்றால் ஏறவேண்டும். அக்கா விழிப்பதற்கு முன்னால், பிடித்துக்கொள்ள ஆளில்லாமல், நாக்கு உலர உலர, அந்த மனுஷர் தன்னந்தனியாக ஏணியில் ஏறி, வேலையையும் முடித்துவிட்டு, விழாமல் இறங்கியிருக்கிறார்.

அவள் மாமாவின் அருகில் போனாள். அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"தோள்ல தூசி, மாமா. ஏறத் தெரியுது. மாட்டறதையும் நீங்களே மாட்டிடுங்க."

ரயில் நகரும் வரை அவளுக்கு ஒரே பயம், மாட்டுவதற்கு ஏறி விழுந்துவிடுவாரோ என்று. முதல் நிறுத்தத்தில் அக்காவிடமிருந்து போன் வந்தது. ஏசி ஓடுகிறதாம். எப்படி என்று கேட்டதற்கு, தெரியாது, கொஞ்ச நேரம் என்னைக் கடைக்கு வெளியே நிற்கச் சொன்னார் என்றாள்.

அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஏணி இடம் மாறிச் சாத்தியிருப்பதை அவள் பார்ப்பாள். முதலில் வீட்டுக்குள் எட்டும் உயரத்துக்கு, பிறகு கடை உயரத்துக்கு. மாமாவின் சட்டைத் தோள்கள் மெல்ல மெல்ல வெளுப்பு இழந்தன. தொடுவதற்கு முன்னால் கேள் என்கிற மேடத்தின் பாடத்தை அவள் சொல்லச் சொல்ல, அவர் மோட்டார் பிரித்தபடியே கேட்டுக்கொள்வார். தையல்காரர் மட்டும், மரம் எப்போது வரும் என்று கேட்பதை விடவில்லை.

மூன்றாம் வருடத்தில், கடைசி வருடக்காரர்களின் பரீட்சைக்கு முந்தின சாயங்காலம், பழுது வைக்க வைரஸ் மேடம் அவளைக் கூட அழைத்தார். எப்படித் தேடுவார்கள் என்று தெரிந்தவளுக்குத்தான் எங்கே ஒளிக்கலாம் என்றும் தெரியும் என்றார். மணிக்கட்டில் மஞ்சள் டேப்போடு, பல்லில் ஒரு சாக்ஸைக் கவ்விக்கொண்டு நூல்காரி நடைவழியில் ஏணியின் மேல் நின்றிருந்தபோது, சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. மாமா எழுத்தில் செய்தி அனுப்புகிற வழக்கம் இல்லை. அவள் ஏணியிலேயே உட்கார்ந்து படித்தாள்.

"நூலு, கடை ஏசி நின்னுடுச்சு. சத்தியமா இந்தத் தடவை நான் கை வைக்கல. மேலதான் உக்காந்திருக்கேன், உங்க அக்கா ஏணியைப் பிடிச்சிருக்கா. இன்னும் எதையும் தொடல. முதல்ல யார்கிட்ட என்ன கேக்கணும், அதை மட்டும் சொல்லு. அவசரமில்ல. ஆனா உங்க அக்காவுக்குக் கை வலிக்குதாம்."